குளுவாங்கில் இரண்டு பிரெஞ்சுப் படைகள்

சனிக்கிழமை காலை 7.10, தங்காக்

வாடகைக் காடியின் பின்சீட்டில் இருநூற்று நாற்பது பிரெஞ்சு வீரர்களுக்கு சீட் பெல்ட் மாட்டிவிட்டு நான் முன்னால் ஏறிக்கொண்டேன். ஓட்டல் வாசலில் நின்ற என் மனைவி, "பொம்மைக்குக் காட்டுற அக்கறையில கால்வாசி எங்கிட்ட காட்டியிருந்தா..." என்று ஆரம்பித்து, காடிக்காரர் சிரிப்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

நாங்கள் ஈப்போவிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டோம். மனைவியின் தங்கை மகளுக்குக் கல்யாணம். தங்காக்கில் துணி எடுத்தால்தான் எடுத்த மாதிரி இருக்கும் என்பது அந்த வீட்டுப் பெண்களின் முடிவு. ஐந்து பேர் கடை ஏறினால் சாயந்தரத்துக்கு முன்னால் இறங்க மாட்டார்கள். ஆகவே எனக்கு ஒரு முழுப் பகல் கிடைத்தது. இங்கிருந்து குளுவாங் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். போக, அங்கே காத்திருக்க, திரும்பி வர எல்லாம் சேர்த்து இருநூற்று நாற்பது வெள்ளி என்று பேசி முடித்திருந்தேன். பொம்மைக்கு ஒரு வெள்ளி.

காடிக்காரர் பெயர் சுரேஷ். முப்பது வயசுக்குள் இருக்கும். டோல் தாண்டும் வரை பொறுமையாக இருந்தார்.

"பெட்டியில என்ன அங்கிள், சாமி சிலையா?"

"சோல்ஜருங்க."

"ஹா?"

பாகோ ஓய்விடத்தில் தே தாரெக் குடிக்க இறங்கியபோது பெட்டியையும் தூக்கிக்கொண்டேன். வெயிலில் நிற்கிற காடிக்குள் விட்டால் பசை இளகி ஈட்டிகள் சாய்ந்துவிடும். பக்கத்து மேசையில் இருந்த மலாய் அம்மா அது பலகாரப் பெட்டி என்று நினைத்து விலை கேட்டார். சுரேஷுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மூடியைத் திறந்து காட்டினேன். "அலமாக்! மூக்கு, மீசையெல்லாம் இருக்கே!" என்று விரலை நீட்டினார். "குத்தும், குத்தும்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் குத்திவிட்டது. ஈட்டிகளை உருக்குக் கம்பியில்தான் செய்கிறேன்.

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியச் சண்டைகளை மேசைமேல் மறுபடி போட்டுப் பார்க்கிற ஆட்டம் இது. பதினெட்டு அடி ஈட்டி பிடித்தவர்கள் அந்தக் காலத்தில் நெருக்கிக்கொண்டு சதுரமாக நிற்பார்கள். அவர்கள் ஓரத்தில் திரி கொளுத்திச் சுடுகிற துப்பாக்கிக்காரர்கள். இவர்களை மிதிக்க இரும்புக் கவசம் போட்ட குதிரைப்படை வரும். நாங்கள் இதையெல்லாம் பாதிக் கட்டைவிரல் உயரமுள்ள ஈய பொம்மைகளை வைத்து ஆடுகிறோம். எவ்வளவு தூரம் நகரலாம், குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதை அங்குலக் கணக்கில் அளப்போம். பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நான் ஈப்போவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடை மூடிய பிறகு, ஆளுக்கு முக்கால் மணி நேரம் செலவழித்து இவர்களுக்கு வண்ணம் பூசுவேன். கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும், எனக்குப் பழகிப்போய்விட்டது.

"குளுவாங்ல யார்கூட சண்ட அங்கிள்?"

"ராஜேந்திரன்னு ஒருத்தன். சிநேகிதன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாலு வருசமா பேச்சு வார்த்தை இல்ல" என்றேன்.

காலை 8.30, வடக்கு தெற்கு நெடுஞ்சாலை

இரண்டு பக்கமும் செம்பனை. முறை வைத்து நட்ட மரங்கள். காடி ஓட ஓட வரிசைகள் திறந்து மூடின. மனம் அதில் நிற்கவில்லை. சுரேஷ் வாயைக் கிளறக் கிளற நான் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாததை வாடகைக் காடிக்காரரிடம் சொல்வது எனக்கு எப்போதும் சுலபம்.

ராஜேந்திரன் அப்போது ஈப்போவில் எலெக்ட்ரிஷியன். இருபது வருஷம், மாசத்தில் இரண்டு ஞாயிறு, அவனும் நானும் ஒரு மேசை. ஒரு நாள் பள்ளி மண்டபம் ஒன்றில், பத்துப் பேர் சுற்றி நின்று பார்க்க, ஆடினோம். அவனுடைய துப்பாக்கிக்காரர்கள் என் குதிரைகளைச் சுட வேண்டும். பன்னிரண்டு அங்குலத்துக்குள் இருந்தால்தான் சுடலாம். அவன் தன் மரக்குச்சியை வைத்து அளந்து சரியாகப் பன்னிரண்டு என்றான். நான் என் இரும்பு டேப்பை வைத்தேன், பன்னிரண்டரை. "அளக்கிறப்போ ஆள நகத்துற வேலையெல்லாம் எங்கிட்ட வச்சுக்காத" என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஆட்டத்தில் ஒருவனைச் சொல்லக் கூடாத வார்த்தை அது. அவன் ஒவ்வொரு பொம்மையாக எடுத்துப் பெட்டியில் வைத்தான், போய்விட்டான். மறு மாசம் குளுவாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்கு வேலை மாறிப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு வாரம் கழித்து வீட்டில் அலமாரிக்குப் பலகை அறுத்தேன். பலகை அரை அங்குலம் குறைந்தது. டேப்பைத் திருப்பிப் பார்த்தால், முனையில் இருக்கும் கொக்கி கழன்று, முதல் அரை அங்குலமே உடைந்து போயிருக்கிறது! அவன் குச்சிதான் சரி. முதல் வாரம் வெட்கத்தில் போன் பண்ணவில்லை. பிறகு, இத்தனை நாள் ஏன் பண்ணவில்லை என்ற வெட்கம். அப்படியே வருஷம் ஓடிவிட்டது. என்மேலேயே வந்த ஆத்திரத்தில் என் பழைய படை முழுவதையும் பினாங்குக்காரர் ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஆறு மாசத்துக்கு முன்னால் அவன் மனைவி மல்லிகாவிடமிருந்து வாட்சப் வந்தது. "அண்ணே, அவருக்கு ஆகஸ்டுல சபாவுக்கு மாத்தல். போறதுக்குள்ள உங்ககூட பவீயா சண்ட போடணும்னு ஆசப்படுறாரு. வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. நீங்க ஒரு படை கொண்டாங்க." பவீயா நாங்கள் எப்போதும் ஆடுகிற சண்டை. அடுத்த மாசம் ஆகஸ்டு. சபா கடல் தாண்டி இருக்கிறது. இன்றைக்கு அந்த டேப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"சும்மா சாரி சொல்லிருங்க அங்கிள், முடிஞ்சிச்சி லா" என்றார் சுரேஷ். அவருக்கு என்ன, சொல்லிவிட்டார்.

காலை 9.25, குளுவாங்

ஆயர் ஹீத்தாமில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, இருபது கிலோமீட்டர் சொச்சம். குனுங் லம்பாக் மலை கண்ணில் பட்டதும் ஊர் வந்துவிடுகிறது. ரயிலடியில் காப்பி நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன், ஆனால் காடியை நிறுத்தச் சொல்லவில்லை. ஊருக்கு வெளியே வரிசை வீடுகள் கட்டிய ஒரு தாமான், அதில் கடைசி வீடு. சுரேஷுக்கு ஊரில் அக்கா வீடு இருந்தது. ஐந்து மணிக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

வாசலுக்கு வந்த ராஜேந்திரன் மெலிந்திருந்தான். "வாங்க" என்றான்.

இருபது வருஷம் "வாடா" என்றவன். அந்த 'ங்க' என்னை அறைந்த மாதிரி இருந்தது. நானும் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டுத் தொலைத்தேன். மல்லிகாதான் வீட்டுக்குள்ளிருந்து, "என்ன, பொண்ணு பாக்கவா வந்திருக்காரு? உள்ள கூப்புடுங்க!" என்று சத்தம் போட்டாள். இட்டிலியும் நெத்திலிச் சம்பலும் வைத்தாள். இருவரும் தட்டைப் பார்த்தபடி பசியாறினோம்.

காலை 10.15, மேசை

காடி நிறுத்துகிற முன்கூடத்தில் மேசை போட்டிருந்தான். எட்டடி நீளம், ஐந்தடி அகலம். அதைப் பார்த்ததும் என் கோபம், வெட்கம் எல்லாம் ஒரு நிமிஷம் எங்கோ போய்விட்டன. பவீயா வட இத்தாலியில் இருக்கிறது. 1525 பிப்ரவரியில் அங்கே பிரெஞ்சு ராஜாவின் படையும் பேரரசரின் படையும் மோதிக்கொண்டன. ஊரை ஒட்டி ராஜாக்கள் வேட்டையாடுகிற பெரிய பூங்கா, அதைச் சுற்றிச் செங்கல் மதில். பழப்பெட்டியில் வரும் நுரையட்டையை வெட்டி, ஒவ்வொரு செங்கல்லாகக் கோடு போட்டு, அந்த மதிலை அவன் கட்டியிருந்தான். ஓடைக்கு நீலத்துணி. பாத்திரம் தேய்க்கிற பஞ்சில் மரங்கள்.

"ஒரு மாசம் ஆயிருக்குமே" என்றேன்.

"ரெண்டு மாசம்" என்றான். முகத்தில் லேசாகப் பெருமை எட்டிப் பார்த்தது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பேரும் அவரவர் படையை அடுக்கி, மேலே துணி போட்டு மூடிவைப்போம். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே நேரத்தில் இழுப்போம். அவன் பக்கம் முன்பே மூடியிருந்தது. நானும் அரை மணி நேரம் அடுக்கி மூடினேன். மல்லிகா எண்ணினாள். துணிகளை இழுத்தோம்.

இரண்டு பக்கமும் நீலக்கொடி, தங்க நிற லில்லிப்பூ. இரண்டு பக்கமும் பிரெஞ்சு ராஜாவிடம் கூலிக்கு வந்த சுவிஸ் ஈட்டிக்காரர்கள். இரண்டு பக்கமும் வெள்ளைக் குதிரைமேல், இறகு வைத்த தலைக்கவசத்தோடு, பிரெஞ்சு ராஜா.

பேரரசரின் படையைக் காணவே காணோம்.

"ரெண்டும் ஒரே ஆளாட்டம் இருக்கே. இதுல யாரு யார அடிக்கிறது?" என்றாள் மல்லிகா.

என் கணக்கு இதுதான். முதல் நாளிலிருந்து, ஜெயித்த பக்கமான பேரரசர் படையை நான்தான் பிடித்து வைத்திருந்தேன். அவன் இருபது வருஷமும் தோற்கிற பிரெஞ்சையே வைத்து ஆடினான். இந்த ஒரு தடவையாவது ஜெயிக்கிற பக்கத்தை அவனுக்கு விட்டுக்கொடுப்போம் என்று, ஆறு மாசம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரர்களுக்கு வண்ணம் பூசினேன். என்னிடம் பேரரசர் படை இல்லை, அதைக் கொடுத்துவிட்டேன் என்பது ஈப்போவில் எல்லோருக்கும் தெரியும், அவன் காதுக்கும் போயிருக்கும். அப்படியானால் அதை அவன்தானே செய்வான்?

"ஏன் ஒரு வார்த்த சொல்லல?" என்றேன். குரல் ஏறிவிட்டது.

"நீ சொன்னியா? படையக் குடுத்துட்டன்னு கேள்விப்பட்டேன். நீ திரும்பப் புதுசா செஞ்சிருப்பன்னு நெனச்சேன். நீ எந்தக் காலத்துல விட்டுக் குடுத்திருக்க?"

"விட்டுக் குடுக்கத்தான்டா இத செஞ்சேன்!"

"சொல்லாம விட்டுக் குடுத்தா எனக்கு எப்படித் தெரியும்? ஜோசியமா பாக்குறது?"

கத்திக்கொண்டிருந்தோம். ஆனால் கோபத்தில் அவனுக்கு 'நீ' வந்துவிட்டது. எனக்கு அது இனித்தது. அவனும் உணர்ந்துவிட்டான் போல, சட்டென்று வாயை மூடிக்கொண்டான். இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இருவரும் சேர்ந்து எட்டு மாசம் உழைத்து வைத்திருந்தோம், அத்தனையும் வீண்.

மல்லிகா வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். ஆட்டம் பற்றி எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. மேசையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, நெசமா சண்ட போட்டப்போ எப்படி அடையாளம் கண்டுபிடிச்சாங்க? எல்லாரும் கலர் கலராதானே உடுத்தியிருக்காங்க?" என்று கேட்டாள்.

"அது வந்தும்மா," என்று கடுப்போடு ஆரம்பித்தேன், "பேரரசர் ஆளுங்க இருட்டோட மதில உடைச்சு உள்ள வந்தாங்க. ஒருத்தர ஒருத்தர் தெரியணும்னு கவசத்துக்கு மேல வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு..."

ராஜேந்திரன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மல்லிகா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வரும்போது கையில் வெள்ளை லைனிங் துணி, கத்தரிக்கோல்.

"இருங்க, இருங்க" என்றேன். என் புத்தி அப்படி. "சுவிஸ்காரனுக்கு வெள்ளத் துணி சுத்தி பேரரசரோட ஜெர்மன்காரன்னு சொல்றதா? ரெண்டு கூட்டமும் ஜென்ம விரோதி. கால்சட்டையே வேற. ஸ்பெயின் துப்பாக்கிக்காரனுக்கு எங்க போறது?"

"உங்களுக்கு ஒத்துவரலன்னா விட்டுரலாம்" என்றான் ராஜேந்திரன், தரையைப் பார்த்துக்கொண்டு.

மறுபடியும் 'ங்க'. அடப்பாவி, இப்போதும் அரை அங்குலத்துக்குத்தான் நிற்கிறாயா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். நான் வேண்டாம் என்றால் பெட்டி மூடிவிடும். அவன் சபாவுக்குப் போய்விடுவான்.

"கட்டும்மா" என்றேன். "என் ஆளுங்களுக்கே கட்டு. முதல்ல என் ராஜாவக் கீழ எறக்கு. ஒரு நாட்டுக்கு ரெண்டு ராஜா ஆகாது."

மூன்று பேரும் உட்கார்ந்து துணியை நாடா நாடாவாகக் கிழித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் கொடிக்கம்பத்துக்கும் கட்டினோம். ஒரு மணி நேரத்தில் என் பிரெஞ்சுக்காரர்கள் கட்சி மாறிவிட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பகல் 12.00 முதல் 3.30 வரை

சண்டை நன்றாகச் சூடு பிடித்தது. என் வெள்ளைக்கட்டு ஆட்கள் மதிலை உடைத்து உள்ளே நுழைய, இடது பக்கம் அவன் என்னைத் துவைத்து எடுத்தான். பகடை அவனுக்கு ஆறு ஆறாக விழுந்தது. நடுவில் மல்லிகா கொண்டுவந்த மீன் சம்பல் சோற்றை நின்றபடியே தின்றோம். இரண்டே முக்காலுக்கு அவன் ராஜாவைக் குதிரைப்படையோடு முன்னால் பாய்ச்சினான். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ராஜா செய்த அதே தப்பு. தன் சொந்தப் பீரங்கிகளையே மறைத்துக்கொண்டு வந்து நின்றான். பக்கத்திலேயே என் துப்பாக்கிக்காரர்கள் இருந்தார்கள். எட்டினால் சுடலாம். எட்டுமா என்பதுதான் கேள்வி.

ராஜேந்திரன் மரக்குச்சியை எடுத்தான். அளக்கவில்லை. அதை என் பக்கம் நீட்டி, "நீங்களே அளந்துக்குங்க" என்றான்.

குச்சியை வாங்கவே கை வரவில்லை. "ராஜேந்திரா, அன்னைக்கு நீ ஆள நகத்தல" என்றேன். "என் டேப்புதான் மொன உடைஞ்சது. ரெண்டாவது வாரமே தெரியும். தெரிஞ்சும் சொல்லல. பத்துப் பேருக்கு முன்னால உன்ன ஏமாத்துக்காரன்னு சொன்னேன். தப்பு. பெரிய தப்புடா."

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஐம்பத்தொரு வயசில், ஈய பொம்மைகளுக்கு நடுவில். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

"என் குச்சி மேல எனக்கு எப்பவுமே சந்தேகம் இல்ல" என்றான். "உனக்கு எம்மேல சந்தேகம் வந்துச்சே, அதான். இருபது வருசம் ஒண்ணா ஆடியிருக்கோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நாலு வருசமா அந்த அரை அங்குலத்தத் தூக்கிட்டு அலைஞ்சியா? முட்டாப்பயலே, ஒரு போன் போட வேண்டியதுதானே!"

"வெக்கமா இருந்துச்சுடா."

"இப்ப அளடா."

அளந்தேன். பதினொன்று. பகடையை உருட்டினேன். ராஜா குதிரையிலிருந்து விழுந்தார். எங்கள் வழக்கப்படி, பிடிபட்ட தளபதியை ஜெயித்தவனின் டீத்தட்டில் நிற்க வைக்க வேண்டும். ராஜேந்திரனே தன் ராஜாவைத் தூக்கி என் தட்டில் வைத்து, கைகுலுக்கக் கை நீட்டினான். பிறகு கையைக் குலுக்காமல் கட்டிப் பிடித்துக்கொண்டான். மல்லிகா, "ஈட்டி, ஈட்டி, பாத்து!" என்று கத்தினாள்.

மாலை 5.05, புறப்பாடு

சுரேஷ் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். பெட்டியைப் பின்சீட்டில் வைத்துவிட்டு, கேட்டருகே நின்று பேசினோம். சபாவில் அவனுக்குக் கொடுக்கிற குவார்ட்டர்ஸில் ஒரு அறை கூடுதலாக இருக்கிறதாம், மேசை போடலாம் என்றான். வீடியோ காலில் நான் ஈப்போவிலிருந்து உத்தரவு சொல்ல, என் பக்கத்துக்கும் அவனே ஆட்களைச் செய்து, நகர்த்தி, அவனே அளப்பான். "நம்புவியா?" என்று கேட்டான். "வாய மூடு" என்றேன்.

காடியில் ஏறும்போது பெருந்தன்மையாக ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "இனிமே பேரரசர் படை உனக்குடா. இருபது வருசம் நானே வச்சுக்கிட்டேன். இனி ஜெயிக்கிற பக்கம் நீ ஆடு."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"யாரு உங்கிட்ட அதக் கேட்டா? எனக்குப் பிடிச்சதே பிரெஞ்சுதான். உன் பக்கத்துல என்ன இருக்கு, நடந்தத மறுபடி நடத்திக் காட்டுற. என் ராஜா தோக்கக் கூடாதுன்னு நான் ஒவ்வொரு தடவையும் ஏதாவது புதுசா யோசிப்பேன். அது என்ன ருசி தெரியுமா? நீ எங்கடா எடுத்துக்குவியோன்னு பயந்துகிட்டே இருந்தேன்!"

இருபது வருஷமாக அவனுக்கு அநியாயம் செய்கிறோம் என்று நினைத்திருந்தேன். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. மல்லிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் மழை பிடித்தது. ஈப்போவில் என் மேசை நாலு வருஷமாகத் துணி மடிக்கிற மேசையாக இருக்கிறது. தங்காக்கிலிருந்து மனைவி வாங்கி வருகிற மூட்டைகள் அதன்மேல் ஏறுவதற்குள் அதைக் காலி பண்ணியாக வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

பாகோ தாண்டும்போது வாட்சப் வந்தது. மல்லிகாவின் எண் இல்லை, அவனுடையது. "போய்ச் சேந்ததும் சொல்லுடா."

அதற்கு நேர் மேலே, நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அவன் அனுப்பியது அப்படியே இருந்தது. "நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துரு. பசியாறிட்டு வராத, மல்லிகா தோச சுடுறா."

இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. நான் "சரிடா" என்று அடித்து அனுப்பினேன்.